பேச்சு ஜெர்மனில் ஒரு பாட்டை யூரோவிஷனுக்கு அனுப்புங்கள்

மதிப்புக்குரிய சுவிஸ் ஒளிபரப்பு நிறுவனம் எஸ்.ஆர்.ஜி.யின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். நாடுகள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு பாட்டோடு மோதுகிற யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குச் சுவிட்சர்லாந்தின் பாட்டைத் தேர்ந்து அனுப்புகிறவர்கள் நீங்கள். அடுத்த முறை பாட்டுகளுக்கு அழைப்பு விடும்போது, இந்த நாட்டுச் சனங்கள் வீட்டிலும் தெருவிலும் கதைக்கிற பேச்சு ஜெர்மனில் ஒரு பாட்டைத் தேடுங்கள். நல்லது கிடைத்தால் அதை மேடையேற்றுங்கள். 1956இல் லுகானோவில் முதல் போட்டியை நடத்திய நாடு இது. அன்று தொட்டு பிரெஞ்சில் பாடியிருக்கிறது. இத்தாலியனில், எழுத்து ஜெர்மனில், ஆங்கிலத்தில் பாடியிருக்கிறது. நாட்டின் நான்காவது மொழியான ரோமான்ஷிலும் ஒரே ஒரு தடவை பாடியிருக்கிறது. நாட்டில் பெரும்பாலானவர்கள் வாய் திறந்தால் வருகிற மொழியில் மட்டும் இன்னும் பாடவில்லை.

இந்த மடலை ஜெர்மனில் எழுதி உங்கள் பேர்ண் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு 335 பிராங்க் ஊடகக் கட்டணம் கட்டுகிற வீடுகளில் எங்கள் வீடுகளும் இருக்கின்றன. 1983க்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக ஏறக்குறைய ஐம்பதாயிரம் தமிழர் இந்த நாட்டில் வாழ்கிறோம். போட்டி நடக்கிற மே மாதத்துச் சனிக்கிழமை இரவில் எங்கள் பிள்ளைகளும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருகிறார்கள். அவர்களுடைய தாய் தகப்பனும் இதை வாசிக்க வேண்டும்.

நான் பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வந்த புதிதில் வகுப்புக்குப் போய்ப் படித்தது எழுத்து ஜெர்மன். இலக்கணம், சோதனை, சான்றிதழ் எல்லாம் அதில்தான். வேலைக்குப் போன முதல் வாரமே தெரிந்துவிட்டது, அங்கே ஒருவரும் அப்படிக் கதைப்பதில்லை. காலைச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது ஒரு வயதான அம்மா ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுத்து ஜெர்மனுக்கு மாறினார். மாறியதும் அவருடைய குரலும் மாறிப்போனது. அதுவரை பக்கத்து வீட்டு மனிசியைப் போலக் கதைத்தவர் திடீரென்று அரசாங்கக் கடிதத்தை உரத்து வாசிக்கிறவரைப் போல ஆகிவிட்டார். அவர் கேட்டது, கோப்பிக்குப் பால் கொஞ்சம் சூடாக வேண்டும் என்பதுதான்.

அதற்குப் பிறகுதான் பேச்சு ஜெர்மனைப் பழகினேன். படுக்கை விரிக்கிற நேரத்தில், கால் உறை மாட்டிவிடுகிற நேரத்தில், அடுப்படியில் உருளைக்கிழங்கு உரிக்கிற இடத்தில். மறதி நோய் வந்தவர்களோடு வேலை செய்கிற எவருக்கும் தெரியும், அவர்களுக்குப் பிள்ளைகளின் பெயர் போய்விடும், ஆண்டு போய்விடும், பாட்டு கடைசிவரை போகாது. எங்கள் இல்லத்தில் கிழமைக்கு ஒருநாள் பாட்டு வேளை உண்டு. எழுத்து ஜெர்மனில் உள்ள தேவாலயப் பாட்டுகளை அவர்கள் மரியாதையோடு கேட்பார்கள். பேர்ண் நகரசபையில் சட்ட ஆலோசகராக வேலை பார்த்துக்கொண்டு, கிற்றாரை மடியில் வைத்துப் பேர்ண் ஜெர்மனில் பாடிய மானி மாட்டரின் பாட்டு ஒன்று தொடங்கினால் நிலைமை வேறு. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவரின் உதடு அசையத் தொடங்கும். 36 வயதில், 1972இல் விபத்தில் இறந்துபோனவர் அவர். என் மகன் ஆரம்பப் பள்ளியில் படித்துவிட்டு வந்து வீட்டில் பாடித் திரிந்ததும் அதே மானி மாட்டர் பாட்டுத்தான். எண்பத்தைந்து வயதுப் பேர்ண்காரரும் எட்டு வயதுத் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து பாடக்கூடிய பாட்டு வேறு எந்த மொழியில் இந்த ஊரில் இருக்கிறது?

தமிழ் வாசகர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. எழுதும்போது ஒரு தமிழ், கதைக்கும்போது ஒரு தமிழ் என்றுதான் நாங்களும் வளர்ந்தோம். உங்கள் ஜெர்மன் தொலைக்காட்சியில் இரவுச் செய்தி எழுத்து ஜெர்மனில் வரும். செய்தி முடிந்து வானிலை சொல்ல வருகிறவர் பேச்சு ஜெர்மனில் தொடங்குவார். நாளைக்கு மழை வருமா என்று சொல்லத் தகுதியான மொழிதான் அது என்று நீங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியிருக்க, பாட்டுக்கு மட்டும் அது எப்படித் தகுதி இல்லாமல் போனது?

சரி, பாசல் நகரத்தில் நடந்த போட்டிக்கு வருகிறேன்.

2024இல் சுவீடனின் மால்மோவில் சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய நெமோ 591 புள்ளிகள் எடுத்து வென்றார். லிஸ் அசியா, செலின் டியோன் இருவருக்கும் பிறகு சுவிட்சர்லாந்துக்குக் கிடைத்த மூன்றாவது வெற்றி. அதனால் 2025 மே மாதம் போட்டி பாசலுக்கு வந்தது. அதற்காக ஒதுக்கிய பணத்தை எதிர்த்துக் கையெழுத்துச் சேர்த்து வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோனார்கள். 2024 நவம்பரில் பாசல் மக்கள் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். இந்த நாட்டில் எதற்கும் வாக்கெடுப்பு உண்டு என்று எங்கள் சொந்தக்காரர் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கும். அந்த மேடைக்கான காசுக்குச் சனம் வாக்குப் போட்டது. மேடையில் ஏறப்போகிற பாட்டு எது என்று அந்தச் சனத்திடம் யாரும் கேட்கவில்லை.

மே 17 இரவு எங்கள் வீட்டில் கதிரை காணாமல் பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுவிட்சர்லாந்துக்காகச் சோயி மே பிரெஞ்சில் பாடினார். நல்ல குரல், அமைதியான பாட்டு. இந்தப் போட்டியில் நாடுகளின் நடுவர்களும் பொதுமக்களும் தனித்தனியாகப் புள்ளி கொடுப்பார்கள். நடுவர்கள் 214 புள்ளிகள் கொடுத்தார்கள். நடுவர் பட்டியலில் ஒஸ்திரியாவுக்கு அடுத்த இடம். பிறகு பொதுமக்களின் புள்ளிகளை அறிவிக்கத் தொடங்கினார்கள். நடுவர்களிடம் குறைவாக எடுத்தவர்களில் தொடங்கி மேலே வருவதால், சுவிட்சர்லாந்தின் முறை கடைசிக்கு முந்தியதாக வந்தது. சுவிட்சர்லாந்துக்குப் பொதுமக்களின் புள்ளி: பூச்சியம். சொந்த மண்டபத்தில், சொந்தச் சனத்துக்கு முன்னால். அந்தப் பிள்ளை முகத்தில் சிரிப்பை விடாமல் நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பத்தாவது இடத்தோடு முடிந்தது.

அவர்மேல் ஒரு குறையும் இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். 2022இல் அப்பன்செல்காரரான மாரியுஸ் பேர் பாடியபோதும் நடுவர்கள் 78 புள்ளிகள் கொடுத்தார்கள், பொதுமக்களிடம் பூச்சியம். நான்கு போட்டிகளுக்குள் இரண்டு தடவை இது நடந்திருக்கிறது. 2021இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய ஜோன்ஸ் டியர்ஸ் நடுவர்களிடம் முதலிடம், பொதுமக்களையும் சேர்த்தால் மூன்றாம் இடம். நெமோவே நடுவர்களிடம் முதலிடம் எடுத்தவர்தான், பொதுமக்களிடம் ஐந்தாவதாக வந்தவர். அறிந்தவர்கள் மெச்சுகிற பாட்டை அனுப்புவதில் நீங்கள் கெட்டிக்காரர் ஆகிவிட்டீர்கள். வீட்டில் இருந்து தொலைபேசியைக் கையில் எடுக்கிறவரை எழுப்புகிற பாட்டைத்தான் காணவில்லை.

இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் 2019க்குப் போக வேண்டும். அதுவரை தொலைக்காட்சியில் ஒரு தேர்வு நிகழ்ச்சி வைத்தீர்கள். 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக அரையிறுதியைத் தாண்ட முடியாமல் போனதும் அதை நிறுத்தினீர்கள். நூறு பேர் கொண்ட ஒரு பார்வையாளர் குழு, இருபது பேர் அளவில் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு, இரண்டும் மூடிய கதவுக்குள் கேட்டுத் தேர்ந்தெடுக்கிற முறைக்கு மாறினீர்கள். பலன் கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன். அந்த ஆண்டே லூகா ஹென்னி நான்காவதாக வந்தார். ஆனால் இப்போது பெப்ரவரியிலோ மார்ச்சிலோ பாட்டு வெளிவரும்போதுதான் நாங்கள் முதன்முதலாகக் கேட்கிறோம். அது யாருடைய பாட்டு என்று பழகிக்கொள்ளவே நேரம் போதவில்லை.

பாசல் இரவில் ஒஸ்லோவில் இருக்கிற என் பெரியம்மாவின் மகள் குரல் செய்தி அனுப்பினாள். எங்கள் சொந்தம் ஐரோப்பா முழுக்கப் பரந்து கிடக்கிறது. சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது என்கிற விதி எங்களுக்கு இடைஞ்சலே இல்லை, ஒஸ்லோவில் இருந்தும் பாரிஸில் இருந்தும் சுவிஸுக்குப் போட ஆட்கள் இருக்கிறார்கள். அவள் சொன்னாள்: "உங்கட பாட்டு வடிவாத்தான் இருந்தது அக்கா. ஆனா பிள்ளையள் எல்லாம் அந்த சவுனாப் பாட்டுக்குத்தான் போட்டதுகள்."

சவுனா என்கிற வெந்நீராவிக் குளியலைப் பற்றிய அந்தப் பாட்டைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் விரிவாகக் கதைக்க வேண்டும். சுவீடன் அனுப்பியது அது. பாடிய மூவரும் சுவீடன்காரர் அல்ல, பின்லாந்தில் சுவீடிஷ் பேசுகிற சிறுபான்மையினர். வேரோ என்கிற சின்ன ஊரின் பேச்சுவழக்கில் பாடினார்கள். ஸ்டாக்ஹோமில் இருக்கிறவர்களுக்கே அந்தப் பேச்சு முழுதாக விளங்காது. சுவீடனின் உள்நாட்டுத் தேர்வில் அவர்கள் தோற்கடித்தது யாரை என்றால், 2015இல் யூரோவிஷனையே வென்ற மோன்ஸ் செல்மர்லேவை. யூரோவிஷனுக்குச் சுவீடன் அதற்கு முன் சுவீடிஷ் மொழியில் பாட்டு அனுப்பியது 1998இல். இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆங்கிலம்தான். பாசலில் அவர்கள் நான்காவதாக வந்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வரிக்கும் பொருள் தெரியாது, அடுத்த கிழமை முழுக்க அதைப் பாடிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

1998 என்கிற அந்த ஆண்டைக் கவனியுங்கள். சுவிட்சர்லாந்து ஜெர்மன் மொழியில் கடைசியாகப் பாட்டு அனுப்பியதும் அதே 1998இல்தான். பர்மிங்காமில் குன்வோர் பாடி, பூச்சியம் வாங்கி வந்தார். அதற்கடுத்த ஆண்டே, சொந்த நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று அப்போது இருந்த விதி நீங்கி, யாரும் எந்த மொழியிலும் பாடலாம் என்று ஆனது. அன்றிலிருந்து ஜெர்மனை நீங்கள் தொடவே இல்லை. பயம் என்றுதான் நினைக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை என்பதற்கு உங்கள் சொந்த வரலாறே சாட்சி. சுவிட்சர்லாந்து மொத்தத்தில் ஒரு புள்ளியும் பெறாமல் திரும்பியது நான்கு தடவை. 1964இல் கோபன்ஹேகனில் இத்தாலியன் பாட்டு. 1967இல் வியன்னாவில் பிரெஞ்சுப் பாட்டு. 1998இல் ஜெர்மன். 2004இல் இஸ்தான்புல் அரையிறுதியில் ஆங்கிலம். நான்கு மொழியிலும் ஆளுக்கொரு பூச்சியம் வாங்கியாயிற்று. மொழிதான் காரணம் என்று இனி எந்த வாயால் சொல்வது?

இதே நாட்டில், இந்தப் போட்டிக்கு நான்கு தடவை போய் நான்கு மொழியில் பாடிய மூவரும் இருந்தார்கள். பீட்டர், சூ, மார்க் என்ற பேர்ண்காரர்கள். 1971இல் பிரெஞ்சு, 1976இல் ஆங்கிலம், 1979இல் ஜெர்மன், 1981இல் இத்தாலியன். ஜெர்மன் பாட்டுக்கு, தட்டுமுட்டுச் சாமான்களையே வாத்தியமாக வாசிக்கிற நண்பர்களையும் மேடைக்குக் கூட்டிப் போனார்கள். இத்தாலியன் பாட்டு நான்காவதாக வந்தது, எங்கள் இல்லத்தில் இன்றும் அது வானொலியில் வந்தால் தாதிமார் வேலையை நிறுத்திவிட்டுப் பாடுவார்கள். சூரிச்காரியான சான்ட்ரா ஸ்டூடர் 1991இல் சான்ட்ரா சிமோ என்ற பெயரில் ரோமில் இத்தாலியனில் பாடி ஐந்தாவதாக வந்தவர். பாசல் மேடையில் தொகுப்பாளராக நின்றவரும் அவரேதான். ஒரு பகுதிக்காரர் இன்னொரு பகுதியின் மொழியில் வாய் நிறையப் பாடுவது இந்த நாட்டின் அழகு. அந்த அழகு இடையில் எங்கேயோ ஆங்கிலத்தில் கரைந்துவிட்டது.

பேச்சு ஜெர்மனில் நல்ல பாட்டு இல்லை என்று யாராவது சொன்னால், 2018ஐ நினைவுபடுத்துவேன். அந்த ஆண்டு பேர்ணைச் சேர்ந்த லோ, லெடுக் என்கிற இருவர் பேர்ண் ஜெர்மனில் பாடிய ஒரு பாட்டு, சுவிஸ் தரவரிசையில் 21 வாரங்கள் முதலிடத்தில் நின்று சாதனை படைத்தது. பேருந்தில், கடையில், நீச்சல் குளத்தில், எங்கே போனாலும் அதுதான். எங்கள் இல்லத்துச் சமையலறையில் தமிழர், எரித்திரியர், போர்த்துக்கீசர் என்று நாங்கள் எல்லாரும் அதைப் பாடிக்கொண்டுதான் பாத்திரம் கழுவினோம். அதே 2018இல் நீங்கள் லிஸ்பனுக்கு அனுப்பியது ஓர் ஆங்கிலப் பாட்டு. அரையிறுதியோடு திரும்பி வந்தது.

நெமோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பீல் நகரத்துப் பிள்ளை, ஒரு தெருவில் பிரெஞ்சும் அடுத்த தெருவில் ஜெர்மனும் கேட்கிற ஊர். மால்மோவுக்குப் போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இங்குள்ள இளம்பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், பேர்ண் ஜெர்மனில் ராப் பாடியவர் என்று. 2018இல் சுவிஸ் இசை விருதுகளில் நான்கை அள்ளிக்கொண்டு போனது அந்தப் பாட்டுகளின் பலத்தில்தான். அந்த நாக்கு அந்த வேகத்துக்குப் பழகியதே பேச்சு ஜெர்மனில். பிறகு வெவ்வேறு நாட்டு எழுத்தாளர்களோடு பாட்டெழுதும் முகாமில் உட்கார்ந்து எழுதிய ஆங்கிலப் பாட்டு உலகத்தை வென்றது, நல்லது. அவரைப் போன்ற இன்னொரு பிள்ளை தன் சொந்த நாக்கிலேயே அந்த மேடையில் ஏறினால் எப்படியிருக்கும் என்று கேட்டுப் பார்க்க எனக்கு ஆசை.

உங்களுக்கு முன்னால் பக்கத்து நாடு இதைச் செய்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1996இல் ஒஸ்லோவில், சுவிஸ் எல்லையோரத்து ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தின் பேச்சுவழக்கில் ஜோர்ஜ் நுஸ்பவுமர் ஒஸ்திரியாவுக்காகப் பாடினார். சுவிஸ் ஜெர்மனுக்கு நெருங்கிய சொந்தம் அந்தப் பேச்சு. பத்தாவது இடம் கிடைத்தது.

எங்கள் வரலாற்றில் இருந்தும் ஒன்று சொல்கிறேன். சென்னையில் ஒரு காலத்தில் கச்சேரி மேடைகளில் பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும்தான் பாடினார்கள். அருமையான பாட்டுகள், இன்றும் மனம் உருகிக் கேட்கிறோம், ஒரு சொல்லின் பொருள் தெரியாமலே கேட்கிறவர்கள் கனபேர். அப்புறம் 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார், கல்கி எழுதினார், 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. இசைக்கு மொழி கிடையாது, பழைய முறையைக் கெடுக்காதீர்கள், தமிழில் பாடினால் தரம் குறையும் என்றெல்லாம் அன்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். கேட்டவர்கள் தெலுங்கை இறக்கச் சொல்லவில்லை. எங்கள் ஊர் மேடையில் எங்கள் மொழிக்கும் நடுவில் ஓர் இடம் கொடுங்கள், கச்சேரி முடிகிற நேரத்துத் துக்கடாவாக வைக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், பேச்சு ஜெர்மனை வெளியே அனுப்பத் தயங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மொழி தெரியாமல் பாட்டை ரசிக்க முடியும் என்பதும் உண்மை, சொந்த மொழியில் கேட்கும்போது வருகிற ஆறுதல் வேறு என்பதும் உண்மை. இரண்டுமே உங்களுக்குச் சாதகமானவை. பேச்சு ஜெர்மன் பாட்டை லிஸ்பனில் இருக்கிறவர் இசைக்காகக் கேட்பார், பேர்ணில் இருக்கிறவர் தன் பாட்டு என்று கேட்பார்.

தமிழில் ஒரு பாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே என்று எங்கள் ஆட்களில் சிலர் என்னிடம் சொன்னார்கள். சென்ற் காலன் பக்கம் வளர்ந்த பிரியா ரகு தன் ஆங்கிலப் பாட்டுகளுக்குள் தமிழை இழைத்து உலகத்துக்கே கேட்க வைத்திருக்கிறார், அதில் எனக்கு அளவில்லாத சந்தோசம். அவருக்கு நீங்கள் கதவைத் திறந்தால் கைதட்டுகிற முதல் ஆள் நான்தான். ஆனால் இன்று நான் கேட்பது அதை அல்ல. என் பிள்ளைகள் அம்மம்மாவோடு தொலைபேசியில் தமிழில் கதைப்பார்கள், தங்களுக்குள் சண்டை பிடிப்பது பேர்ண் ஜெர்மனில். கணக்கை மனதுக்குள் கூட்டுவது அதில். நித்திரையில் பிதற்றுவதும் அதில். தெருவில் யாராவது அவர்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டால், வாயைத் திறந்த அடுத்த நொடி கேட்டவர் தன்பாட்டில் சமாதானம் ஆகிவிடுகிறார், ஏனென்றால் அந்த உச்சரிப்பு இங்கே பிறந்து வளராமல் வராது. கடவுச்சீட்டு கிடைப்பதற்கு முன்பே அவர்களை இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆக்கியது அந்த மொழி. அவர்களுடைய மொழிக்காகத்தான் கேட்கிறேன்.

வெளியில் இருந்து வந்தவர்களால் இந்தப் போட்டியில் நாட்டுக்கு வந்த பெருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1988இல் டப்ளினில் ஒரேயொரு புள்ளியால் வென்ற அந்தப் பாட்டைப் பாடியது கனடாவின் கியூபெக்கில் இருந்து வந்த செலின் டியோன். மெட்டமைத்தது துருக்கியில் பிறந்து இங்கே குடியேறிய அத்திலா செரெஃப்துக். வரிகள் எழுதியது, இத்தாலியன் பேசுகிற திச்சினோ மாநிலத்துக்காரி நெல்லா மார்ட்டினெட்டி. ஜோன்ஸ் டியர்ஸின் குடும்பம் கொசோவோ அல்பேனியர். குடியேறியவர்கள் இந்த மேடைக்குப் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் வந்துவிட்டோம். இப்போது இந்த மண்ணின் பேச்சையும் நாங்களே எடுத்துக்கொண்டு வருகிறோம், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ரோமான்ஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1938இல் மக்கள் வாக்களித்து அதை நாட்டின் நான்காவது தேசிய மொழி ஆக்கினார்கள். அதில் நாள் முழுக்க நிகழ்ச்சி நடத்துகிற வானொலியும் உங்களிடம்தான் இருக்கிறது. போட்டி 1989இல் லவுசானில் நடந்தபோது ஃபுர்பாட்ஸ் குழு அந்த மொழியில் பாடியது. அதுவே முதலும் கடைசியும். சொந்த மொழி பேசுகிற சனம் குறைந்துகொண்டு போவதைப் பார்ப்பது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தாக்குகளிலும் பாட்டு எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போட்டிக்குப் போவதா வேண்டாமா என்கிற பெரிய கேள்வி இப்போது ஐரோப்பா முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. இஸ்ரேலின் பங்கேற்பை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய நாடுகள் 2026 போட்டியில் இருந்து விலகுவதாக அறிவித்தன. நெமோ தன் வெற்றிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். போரில் இருந்து தப்பி வந்தவள் நான், இந்தச் செய்திகளை லேசாகக் கடந்துபோக என்னால் முடியாது. அதற்கு உங்கள் பதில் என்ன என்று வேறு பலர் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். போகிறோம் என்று நீங்கள் முடிவெடுக்கிற ஆண்டுகளைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த ஆண்டுகளுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். பாட்டுகளுக்கு அழைப்பு விடும்போது, பேச்சு ஜெர்மனிலும் ரோமான்ஷிலும் வருகிற பாட்டுகளை விரும்பி வரவேற்கிறோம் என்று ஒரு வரி சேருங்கள். இன்று அதற்குத் தடை இல்லைதான், ஆனால் அழைக்காத வீட்டுக்கு யார் வருவார்? பாட்டெழுதும் முகாம்களில் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குப் பக்கத்தில், பேச்சு ஜெர்மனில் எழுதுகிறவர்களுக்கும் ஓர் அறை கொடுங்கள். பார்வையாளர் குழுவின் நூறு பேரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறவர்களும், எங்களைப் போலக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று பாருங்கள். வல்லுநர்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவர்கள் வடிகட்டிக் கொடுக்கிற கடைசி நான்கைந்து பாட்டுகளை ஒரு சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுங்கள், பாதி வாக்கை எங்களிடம் தாருங்கள். தோற்றால் அந்தத் தோல்வியில் எங்களுக்கும் பங்கு இருக்கும், பாடிய பிள்ளை தனியாக நிற்காது. பேச்சு ஜெர்மன் பாட்டு ஒன்று அந்த நான்கைந்தில் இருந்தால், அதற்குத் தொலைபேசி எடுக்க எங்கள் இல்லத்திலேயே இரண்டு மாடி முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். எழுத்து ஜெர்மனில் எழுதினாலும் சரி, பேச்சு ஜெர்மனில் எழுதினாலும் சரி, வாசித்து மற்றவர்களுக்கும் தமிழில் சொல்வேன்.

நன்றி.

இப்படிக்கு,
பேர்ணில் வாழும் ஒரு தமிழ்ப் பார்வையாளர்